தண்ணீர் பழகும் காலம்

வளைகுடாவின் அடுக்குமாடி வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு ஆறேழு வயதில் "நாய்க்குட்டி வேணும்" என்ற ஆசை வந்துவிடும். பெரும்பாலான கட்டடங்களில் வாடகை ஒப்பந்தமே அதற்கு இடம் கொடுக்காது. அடுத்து பூனை. வீட்டில் யாராவது ஒருத்தருக்கு முடி ஒத்துக்கொள்ளாது. அடுத்து லவ் பேர்ட்ஸ். கூண்டைப் பால்கனியில் வைத்தால் ஜூன் மாத வெயிலை அது தாங்காது, ஹாலில் வைத்தால் நாம் தாங்கமாட்டோம். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து பேரம் கடைசியில் மீனில் முடியும். சத்தம் போடாது, வாக்கிங் கூட்டிப்போக வேண்டாம், தடுப்பூசி வேண்டாம்.

ஆனால் இங்கே எந்தத் தமிழ்க் குடும்பத்திடம் மீன் பேச்சை எடுத்தாலும் ஒரு பதில் தவறாமல் வரும். "நாங்களும் வாங்கினோம்ங்க. ஒரு வாரம், பத்து நாள்தான். எல்லாம் செத்துப் போச்சு. தண்ணி கண்ணாடி மாதிரிதான் இருந்துச்சு, என்ன ஆச்சுன்னே தெரியல." தொட்டியைப் பரணில் போட்டுவிட்டு, பிள்ளையிடம் "மீன் கடலுக்குப் போயிடுச்சு" என்று சொல்லிவிடுவார்கள்.

என்ன ஆச்சு என்பது நன்றாகத் தெரிந்த விஷயம்தான். அதை நடுவில் தடுக்கவும் முடியும். சென்ற மே மாதம் முதல் ஜூலை வரை எங்கள் வீட்டு ஹாலில் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். நாங்கள் குடியிருப்பது ஷார்ஜா அல் நஹ்தாவில். என் வேலை துபாய் இன்டர்நெட் சிட்டியில், சாஃப்ட்வேர்.

மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு வந்த நண்பர் குடும்பம் ஒன்று நாற்பது லிட்டர் தொட்டி, தொட்டி விளிம்பில் மாட்டும் ஃபில்டர், ஒரு பை கூழாங்கல், ஆறு கப்பி மீன் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்பாகக் கொடுத்தது. மகள் அன்று தூங்கவே இல்லை. அவள் பள்ளித் தோழி வீட்டில் போன மாதம்தான் தங்கமீன் செத்திருந்தது. படுக்கும்போது ஒரே கேள்வி: "அப்பா, இதுவும் செத்துடுமா?"

நான் சென்னையில் எம்.இ. படித்தபோது அறைத்தோழன் ஒருவன் மீன் வளர்த்தான். அவனோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போனதில் ஒரு பாடம் மனதில் தங்கிவிட்டது: புதுத் தொட்டியில் மீன் விட்டால் முதல் ஆறு வாரம் மீனைப் பார்க்காதே, தண்ணீரைப் பார். அதனால் மகளிடம் "சாகாது" என்று சத்தியம் செய்யவில்லை. "ஆறு வாரம் நாம ரெண்டு பேரும் தினம் தண்ணிக்கு டெஸ்ட் பண்ணணும். உதவி பண்ணுவியா?" என்று கேட்டேன். பள்ளி கோடை விடுமுறைக்கும், ஊருக்குப் போக எடுத்திருந்த டிக்கெட்டுக்கும் சரியாக ஏழு வாரம் இருந்தது.

தண்ணீரில் அப்படி என்னதான் நடக்கிறது? மீன் தன் கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. தின்னாமல் மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியாவாகத்தான் மாறும். ஆற்றிலோ குளத்திலோ அது உடனே கரைந்து, கலைந்து, தின்னப்பட்டுவிடும். நாற்பது லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் போக வழியில்லை. மீன் தன் கழிவையே மூச்சாக இழுக்கும். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. இந்த அளவில் நமக்கு வாடையும் தெரியாது. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீரில் மீன் செத்தது இதனால்தான்.

இந்த அம்மோனியாவை உண்டு வாழும் பாக்டீரியா இருக்கிறது. நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். நைட்ரோஸ்பைரா போன்றவை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் சாதாரண அளவில் ஒன்றும் செய்யாது. இது இரண்டு கட்டமாக, வெவ்வேறு உயிர்களால் நடக்கும் வேலை என்பதை ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கிலேயே மண்ணை ஆராய்ந்து காட்டிவிட்டார். நம் வயல் மண்ணில் நடப்பதும் மீன்தொட்டி ஃபில்டரில் நடப்பதும் ஒரே வேலைதான்.

சிக்கல் என்னவென்றால் இந்த பாக்டீரியா மகா சோம்பேறி. பாலைத் தயிராக்கும் கூட்டம் ஒரே இரவில் வேலையை முடித்துவிடும். இது அப்படியில்லை, ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், நைட்ரைட்டைத் தின்னும் கூட்டம் இன்னும் மெதுவாகப் பெருகும். கடையிலிருந்து வந்த புது ஃபில்டரில் இவை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. தேவையான கூட்டம் சேர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை மீன் இல்லாமல், தொட்டியில் கொஞ்சம் அம்மோனியா மட்டும் ஊற்றி பாக்டீரியாவை வளர்ப்பதுதான் நல்ல முறை. எங்களுக்கோ மீன் முதலிலேயே வந்துவிட்டது. ஆக, பாக்டீரியா வந்து சேரும்வரை அதன் வேலையை நாங்கள் வாளியால் செய்ய வேண்டும்.

மறுநாளே ஒரு டெஸ்ட் கிட் வாங்கினேன். துபாய் வர்சானில் இருக்கும் பறவைகள், செல்லப்பிராணிகள் சந்தையிலும் ஷார்ஜா பறவைச் சந்தையிலும் மீன் கடைகள் உண்டு. இப்போது ஆன்லைனிலும் கிடைக்கிறது. தாளை நனைத்துப் பார்க்கும் வகையைவிடச் சொட்டு மருந்து வகை நம்பகமானது. சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சொட்டு விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் கழித்து நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். அம்மோனியா இல்லையென்றால் மஞ்சள், கூடக்கூடப் பச்சை. நைட்ரைட் இல்லையென்றால் வெளிர்நீலம், கூடினால் ஊதா. நிறம் பார்ப்பது மகளின் வேலை. ஒரு நோட்டில் தேதி போட்டு, கிரேயானால் அதே நிறத்தைத் தீட்டி, பக்கத்தில் எண்ணை எழுதுவாள். கடைசிக் கட்டத்தில் மீன் எத்தனை என்று எழுத வேண்டும் என்பது அவளே சேர்த்துக்கொண்டது.

இரண்டாம் நாள் அம்மோனியா லிட்டருக்கு 0.25 மில்லிகிராம். மூன்றாம் நாள் 0.5. அதாவது ஒரு நாளைக்கு 0.25 கூடுகிறது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். தினமும் தண்ணீரில் ஒரு குறிப்பிட்ட பங்கை மாற்றிக்கொண்டே வந்தால் நஞ்சு முடிவில்லாமல் ஏறாது; ஓர் இடத்தில் நின்றுவிடும். அந்த உச்சம் எவ்வளவு என்றால், ஒரு நாளில் கூடும் அளவை மாற்றும் பங்கால் வகுத்தால் வருவது. தினமும் பத்தில் ஒரு பங்கு மாற்றினால் ஒரு நாள் கூடுதலைப் போல் பத்து மடங்கு வரை ஏறும். கால் பங்கு மாற்றினால் நான்கு மடங்கு. பாதி மாற்றினால் இரண்டு மடங்குதான். "தினமும் ஒரு மக் தண்ணி மாத்துறேனே" என்பவர்கள் வீட்டிலும் ஏன் மீன் சாகிறது என்பது இதிலேயே தெரியும்.

வகுபடும் எண்ணையும் குறைக்கலாம். மீனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சமாகத் தீனி போட்டோம். கப்பி பட்டினி கிடந்து சாகாது.  நாள் கூடுதல் பாதியாகி 0.12 ஆனது. தினமும் மூன்றில் ஒரு பங்கு, அதாவது பதின்மூன்று லிட்டர், ஒரு பெரிய வாளி மாற்றினோம். கணக்குப்படி உச்சம் 0.36. கிட்டில் பார்த்தால் 0.25க்கும் 0.5க்கும் நடுவே ஒரு பச்சை. "இது எந்தப் பச்சைப்பா? ரெண்டு கிரேயானையும் சேத்து அடிக்கணும்" என்றாள்.

0.36 அபாயமா? அது தண்ணீரின் பி.எச். அளவையும் சூட்டையும் பொறுத்தது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும்; ஒன்று சாது, மற்றது கொடியது. பி.எச். 7 ஆக இருந்தால், 25 டிகிரியில், கொடிய வடிவம் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பி.எச். 8 ஆனால் நூறில் ஐந்து. சூடு ஏறினால் இன்னும் கூடும். எங்கள் குழாய்த் தண்ணீர் 7.8; தொட்டி 27 டிகிரி; நூறில் நான்கு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் கொடிய வடிவம் 0.02க்கு உள்ளேதான் இருந்தது. வசதியான இடம் இல்லை, ஆனால் தாக்குப்பிடிக்கும் இடம்.

அடுத்தது வாளித் தண்ணீர். இந்த ஊரில் அதுவே தனிக் கதை. இங்கே குழாயில் வருவதில் பெரும்பகுதி கடல்நீரிலிருந்து உப்பை நீக்கி எடுத்த தண்ணீர். எண்ணெய்க்கு முன் இந்தக் கரைகளில் குடிநீர் எவ்வளவு அருமை என்பதற்குக் குவைத் சாட்சி. ஷத் அல் அரப் ஆற்றிலிருந்து பாய்மரப் படகில் தண்ணீர் கொண்டுவந்து விற்ற ஊர் அது. இன்று ஆலைகள் வந்துவிட்டன. நம் சென்னையும் இதே வழிக்கு வந்துவிட்டது. மீஞ்சூர் ஆலை 2010லும் நெம்மேலி ஆலை 2013லும் தொடங்கின. உப்பு நீக்கிய தண்ணீரில் தாதுக்கள் அநேகமாக இருக்காது என்பதால் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தைத் திரும்பச் சேர்ப்பார்கள். வழியில் கிருமி வளராமல் இருக்க குளோரின் சேர்ப்பார்கள். நமக்கு அது பாதுகாப்பு. மீனின் செவுளுக்கும், நாம் வளர்க்க நினைக்கும் பாக்டீரியாவுக்கும் அது எதிரி. குளோரினை முறிக்கும் சொட்டு மருந்து எல்லா மீன் கடையிலும் உண்டு. எளிய வகையில் இருப்பது சோடியம் தயோசல்பேட். வாளியில் அதை விடாமல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தொட்டிக்குள் போகக்கூடாது.

இன்னொன்று சூடு. மே கடைசியில் மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. ஹீட்டரை அணைத்துவிட்டு, வீட்டுக்குள் இருக்கும் அதன் டேங்கில் ஆறிய தண்ணீரில் குளிப்பது இங்கே எல்லா வீட்டிலும் வழக்கம். குளிர்ந்த தண்ணீருக்குச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்கும் ஒரே ஊர் இதுவாகத்தான் இருக்கும். மீனுக்கு அதுவும் வேண்டாம் என்று, தினமும் இரவு வாளியில் தண்ணீர் பிடித்து, மருந்து விட்டு, ஏர் பம்பின் ஒரு குழாயை அதில் போட்டு ஹாலிலேயே வைத்துவிடுவோம். மறுநாள் மாலை அல் இத்திஹாத் சாலை நெரிசலைத் தாண்டி நான் வீடு வரும்போது வாளியும் தொட்டியும் ஒரே சூட்டில் இருக்கும்.

"குடிக்கிற கேன் தண்ணியே ஊத்தலாமே?" என்று கேட்காதவர்கள் இல்லை. கேன் தண்ணீரில் பெரும்பாலும் தாதுக்கள் மிகக் குறைவு. பாக்டீரியா அம்மோனியாவைத் தின்னும்போது தண்ணீரில் அமிலம் கூடும்; அதைத் தாங்கிப் பிடிப்பது தண்ணீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்துதான். அது இல்லாவிட்டால் பி.எச். சரிந்து, பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். கப்பிக்கும் கொஞ்சம் கடினமான தண்ணீர்தான் பிடிக்கும். மீனுக்கு நல்ல தண்ணீர் வேறு, நமக்கு நல்ல தண்ணீர் வேறு.

ஆறாம் நாள் அம்மா வீடியோ காலில் வாளியைப் பார்த்துவிட்டார்கள். எங்கள் ஊர் மன்னார்குடி பக்கம். "ஏன்டா, தெனமுமா தண்ணி மாத்துற? நம்ம கெணத்துல கெண்ட மீனு கெடந்துச்சே, யாரு மாத்துனா? யாரு மருந்து விட்டா?"

நியாயமான கேள்விதான். அந்தக் கிணற்றுச் சுவரில் ஐம்பது வருடப் பாசி. ஒவ்வொரு கல்லிலும், அடிச் சேற்றிலும் இந்த பாக்டீரியா கோடிக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டித்தான் வாழும். அதனால்தான் தண்ணீரை மாற்றினாலும் அதன் எண்ணிக்கை குறைவதில்லை. கல்லையும் ஃபில்டரையும் குழாயடியில் கழுவினால்தான் போய்விடும். அத்தனை பெரிய கிணற்றில் நான்கு கெண்டைக்கு அது மலைபோல் அதிகம். எங்கள் தொட்டியிலோ கண்ணாடி புதுசு, கல் புதுசு, பஞ்சு புதுசு. இதையெல்லாம் சொன்னதும் அம்மா சிரித்தார்கள். "அப்ப காசு குடுத்துப் பாசிய வாங்கணும்னு சொல்லு."

அதுதான் தேவைப்பட்டது, ஆனால் காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பதினோராம் நாள் வரை அம்மோனியா அசையவில்லை. நைட்ரைட் வெளிர்நீலத்திலேயே நின்றது. பாக்டீரியா இன்னும் குடிவரவில்லை. லிஃப்டில் என் கையில் இருந்த மருந்துப் பாட்டிலைப் பார்த்து நான்காம் மாடிச் சேட்டன் நின்றார். திருச்சூர்க்காரர், இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறார். "மீனா தம்பி? புது டேங்க்கா?" அன்றிரவே ஒரு டப்பாவில் தொட்டித் தண்ணீரோடு, அவர் ஃபில்டரிலிருந்து வெட்டிய பாதிப் பஞ்சைக் கொண்டுவந்தார். பழுப்பு நிறம், வழுவழுப்பு, ஒரு குளத்து வாடை. என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "கழுவக்கூடாது கேட்டோ. அப்படியே வைக்கணும். என் டேங்க்ல மூணு வருஷமா இருந்தது. இதுதான் மருந்து."

மீன் வளர்ப்பில் இதைவிடப் பெரிய பரிசு இல்லை. ஆரோக்கியமான பழைய தொட்டி ஒன்றின் அழுக்குப் பஞ்சு, புதுத் தொட்டியின் ஆறு வாரத்தைப் பாதியாக்கிவிடும். கடைகளில் பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவைவிட இது நிச்சயமானது. ஒரே நிபந்தனை, அந்தத் தொட்டியில் நோய் இருக்கக்கூடாது. அதன் பாதியை எங்கள் ஃபில்டரில் புதுப் பஞ்சோடு ஒட்டி வைத்தேன். வைக்கும்போது நான் இந்த ஊருக்கு வந்த முதல் மாதம் ஞாபகம் வந்தது. கராமாவில் ஓர் ஊர்க்காரர் தன் அறையில் ஒரு கட்டில் இடம் கொடுத்தார். எந்த பஸ், எந்த மெஸ், எங்கே சிம் கார்டு என்று எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். அவரும் தனக்கு முன்னால் வந்த ஒருத்தரின் அறையில் தங்கியவர்தான். இந்த ஊரில் யாரும் வெறும் சுவரில் தொடங்குவதில்லை.

பஞ்சு வைத்த மூன்றாம் நாள் அம்மோனியா 0.25க்கு இறங்கியது. ஐந்தாம் நாள் முழு மஞ்சள். மகள் குதித்தாள். ஆனால் பக்கத்துக் குப்பி ஊதா.

இது எதிர்பார்த்ததுதான். முதல் கூட்டம் வேகமாகச் சேர்ந்துவிட்டது; அது விடும் நைட்ரைட்டைத் தின்னும் இரண்டாம் கூட்டம் இன்னும் போதவில்லை. அத்தோடு, ஒரு மில்லிகிராம் அம்மோனியா மாறும்போது எடைக்கணக்கில் கிட்டத்தட்ட 2.7 மில்லிகிராம் நைட்ரைட் உண்டாகும். அதே தீனி, அதே வாளி, ஆனால் எண் மட்டும் பெரிதாகும். பதினெட்டாம் நாள் நைட்ரைட் 1ஐத் தொட்டது. ஒரு மீன் மேற்பரப்பிலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது.

நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் புகுந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை வேலை செய்யவிடாமல் மாற்றிவிடுகிறது. தண்ணீரில் காற்று நிறைய இருந்தும் மீன் மூச்சுத் திணறும். இதற்கு ஒரு கைவைத்தியம் நம் சமையலறையிலேயே இருக்கிறது: உப்பு. உப்பில் இருக்கும் குளோரைடும் நைட்ரைட்டும் செவுளில் ஒரே வாசலுக்குப் போட்டி போடும். குளோரைடு கூட இருந்தால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. லிட்டருக்கு அரை கிராம் கணக்கில் இருபது கிராம் கல் உப்பை வாளியில் கரைத்து, இரண்டு தவணையாகத் தொட்டியில் சேர்த்தோம். அதன் பிறகு மாற்றும் தண்ணீருக்கு மட்டும் அதே விகிதத்தில் உப்பு. கப்பி இதை எளிதில் தாங்கும். எல்லா மீனும் தாங்காது. தண்ணீர் மாற்றுவதையும் தினமும் பாதி என்று ஏற்றினோம்.

பத்தொன்பதாம் நாள் காலை அந்த மீன் அடியில் கிடந்தது. மகள் பள்ளிக்குப் போகும்முன்பே பார்த்துவிட்டாள். கடலுக்குப் போன கதையெல்லாம் சொல்ல வழியில்லை, சொல்லவும் விருப்பமில்லை. "நைட்ரைட்டாப்பா?" என்றாள். "அதாத்தான் இருக்கும். மத்ததைவிட அது கொஞ்சம் சோர்வாத்தான் இருந்துச்சு." நோட்டை எடுத்து, ஊதா கிரேயானால் அழுத்தித் தீட்டிவிட்டு, கடைசிக் கட்டத்தில் 5 என்று எழுதினாள். அழுதது மாலையில்தான், வாளியைத் தூக்கும்போது. இரண்டு கையாலும் பிடியைப் பிடித்துக்கொண்டு, விடாமல் அழுதாள். வாளியைக் கீழே வைக்கச் சொன்னேன். வைக்கவில்லை. சேர்ந்தே தூக்கி ஊற்றினோம்.

இந்த இடத்தில்தான் பல வீடுகளில் தொட்டியை முழுதாகக் காலி செய்துவிடுகிறார்கள். ஒரு மீன் செத்ததும் பயந்துபோய், கல்லையும் பஞ்சையும் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். குளோரின் பட்டு, இருபது நாளில் சேர்ந்த கூட்டம் போய்விடும். மறுபடி முதல் நாள். வளைகுடாவில் பரணுக்குப் போன தொட்டிகளில் பாதி இப்படிப் போனவையாகத்தான் இருக்கும். செத்த மீனை எடுங்கள், தண்ணீரைப் பாதி மாற்றுங்கள், ஃபில்டரைத் தொடாதீர்கள். பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து திரும்ப வையுங்கள்.

இருபத்தி மூன்றாம் நாள் ஊதா வெளுக்கத் தொடங்கியது. இருபத்தி ஆறில் 0.25. முப்பத்தி ஒன்றாம் நாள் இரண்டு குப்பியும் சுத்தம்: மஞ்சள், வெளிர்நீலம். நைட்ரேட் 5. இந்த ஊர்ச் சூட்டில் ஒரு சலுகையும் இருக்கிறது. இருபத்தைந்து முதல் முப்பது டிகிரியில் இந்த பாக்டீரியா நன்றாகப் பெருகும். குளிர்நாட்டில் இருப்பவர்கள் அதற்கு ஹீட்டர் போடுகிறார்கள்.

சுத்தம் என்று ஒரு நாள் பார்த்து நம்பிவிடக்கூடாது. வழக்கமான தீனிக்குத் திரும்பி, நான்கு நாள் தண்ணீரே மாற்றாமல் தினமும் சோதித்தோம். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் மெல்ல ஏறியது. அப்படியென்றால் தொட்டி தன் காலில் நிற்கிறது. இனி வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும். கூடவே, பால்கனியில் கிடந்த மணி பிளான்ட் கொடி ஒன்றின் வேரைத் தொட்டிக்குள் விட்டோம். நைட்ரேட்டை அது உரமாக எடுத்துக்கொள்ளும். துபாய் மாலில் ஒரு கோடி லிட்டர் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். அளவு எதுவானாலும் மீன் விடும் அம்மோனியாவை யாராவது தின்றாக வேண்டும் என்ற விதி ஒன்றுதான்.

மிச்சமிருந்தது விடுமுறை. ஜூலையில் ஒரு மாதம் வீட்டைப் பூட்டி, ஏ.சி.யை அணைத்துவிட்டுப் போனால் ஹால் 35 டிகிரியைத் தாண்டும். 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் ஏழுகூட நிற்காது. சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவையோ கூடும். கரண்ட் போய் ஃபில்டர் நின்றால் பாக்டீரியாவும் மூச்சுமுட்டிச் சாகும். ஒரு மாதம் ஆளில்லாத வீட்டுக்கு ஏ.சி. ஓடவிட்டால் பில்லை நினைத்துப் பார்க்க வேண்டாம்.

சேட்டனிடம் பேசினேன். அவர் குடும்பம் ஓணத்தை ஒட்டி, ஆகஸ்டில்தான் ஊருக்குப் போகிறது. ஜூலையில் எங்கள் தொட்டி அவர் வீட்டில், ஆகஸ்டில் அவர் தொட்டிக்குக் காவல் நாங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன் மீனைப் பழைய தண்ணீரோடு வாளிக்கு மாற்றி, கல்லை ஈரமாகவே வைத்து, ஃபில்டர் பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் மூழ்கவைத்து, லிஃப்டில் நான்காம் மாடிக்குப் போனோம். அரை மணி நேரத்தில் ஃபில்டர் மறுபடி ஓடியது.

இப்படி மீனை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. பார்த்துக்கொள்பவர் கையில் தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள். பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள், அம்மோனியா ஏறிவிடும். தாத்தா பாட்டி மாத்திரை போட்டு வைக்கும் கிழமைப் பெட்டி இருக்கிறதே, அதில் ஒரு நாளுக்கு ஒரு சிட்டிகை போட்டுக் கொடுங்கள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான்கு பெட்டியில் மகள் தமிழில் ஞாயிறு, திங்கள் என்று எழுதி ஒட்டினாள். சேட்டன் வாசித்துப் பார்த்துத் தலையாட்டினார்.

ஊரில் அம்மா அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்கள். அவள் எட்டிப் பார்த்தது மீனை இல்லை. "பாட்டி, இந்தப் பாசிய யாரும் கழுவக்கூடாது. சொல்லிடுங்க."

இப்போது ஆகஸ்ட். ஐந்து கப்பி திரும்ப எங்கள் ஹாலில். கல்லிடுக்கில் ஏழெட்டுக் குட்டிகள். நோட்டின் கடைசிக் கட்டத்தில் என்ன எண் போடுவது என்பதில் மகளுக்குக் குழப்பம், அவை நிற்காமல் ஓடுகின்றன. நான்காம் மாடிச் சாவி எங்களிடம் இருக்கிறது. கூடவே மலையாளத்தில் கிழமை எழுதிய நான்கு பெட்டிகள். தினம் மாலை ஒன்றைத் திறக்க இருவரும் மேலே போகிறோம்.